அடுப்புக்கு அந்தப் பக்கம்

அவள் கைப்பிரதியை மேசைமேல் வைத்தாள். வைத்துவிட்டு, தலைகீழாகத் திருப்பினாள்.

ஆண்கள் பக்கத்தில் யாரோ சிரித்தார்கள்.

பிறகு எல்லாரும் சிரித்தார்கள். கோயில் என்றும் பார்க்கவில்லை.

மேசைக்கு எதிரே பிஷப் ஐயா உட்கார்ந்திருந்தார். அந்தக் கைப்பிரதி அவர் சீமையில் இருந்தபோது எழுதியது. பன்னிரண்டே பக்கத்துச் சின்னப் புத்தகம். சின்னச் சின்ன வாக்கியம். அங்கே ஆயிரம் ஆயிரமாக அச்சாகி, கப்பலேறி, தமிழாகி, இந்தப் பனங்காட்டுக்கும் வந்துவிட்டது. அவரும் பின்னாலேயே வந்துவிட்டார்.

அதன் முதல் வரிதான் இப்போது சபைச் சட்டம்.

‘தன் கண்ணால் வேதத்தை வாசியாதவன் கர்த்தரின் மேசைக்கு வரவேண்டாம்.’

அந்த ஒரு வரியால் ஒன்பது வருடம் அவளுக்கு நற்கருணை இல்லை. புருஷன் எழுந்து பீடத்துக்குப் போவான். அவள் பாயிலேயே உட்கார்ந்து அவன் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எரிச்சல் எரிச்சலாக வரும். ஒன்பது வருட எரிச்சல் என்றால் சும்மாவா?

இன்றைக்குத் திடப்படுத்தல். ஒரு பக்கம் வாசிக்க வேண்டும். பதிவேட்டில் பெயர் எழுத வேண்டும். பிஷப் ஐயா தலையில் கை வைப்பார். அடுத்தது நற்கருணைதான்.

உபதேசியார் மாசிலாமணி பேனாவை மையில் முக்கினார். பட்டியலில் அவள் பெயர்மேல் ஒரு கோடு இழுத்தார்.

"பொஸ்தகத்தையே தலகீழா வைக்கா. இவ எங்க வாசிக்க? போ தாயி, அடுத்த ஆள் வரட்டும்."

அவள் நகரவில்லை.

"எனக்கு இதாம்யா நேரு. வாசிக்கட்டா?"

பிஷப் ஐயா முன்ஷி வைத்துத் தமிழ் படித்தவர். அவள் சொன்னது அவருக்குப் பாதிதான் விளங்கியிருக்கும். அவள் முகம் முழுசாக விளங்கிவிட்டது போல.

"வாசியும்" என்றார்.

வாசித்தாள்.

விரல் வலமிருந்து இடமாகப் போனது. ஓர் எழுத்துகூடத் தட்டவில்லை. நடுக்கமா? அவளுக்கா? முதல் வரியைக் கொஞ்சம் உரக்கவே வாசித்தாள்.

"மனப்பாடமா இருக்கும்யா" என்றார் உபதேசியார்.

பிஷப் ஐயா மேசைமேல் இருந்த தமிழ் வேதாகமத்தை எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு நடுவில் பிரித்தார். வந்து விழுந்தது நாளாகமம். வரிக்கு வரி வம்சப் பட்டியல். உபதேசியாரே ஞாயிற்றுக்கிழமைகளில் தாண்டிப் போகிற இடம்.

அவள் அதையும் தலைகீழாகத் திருப்பினாள்.

இந்தத் தடவை மெதுவாகத்தான் வாசித்தாள். வாயில் நுழையாத பெயர்களையெல்லாம், பக்கத்து வீட்டு ஆட்களைக் கூப்பிடுவதுபோல ஒவ்வொன்றாகக் கூப்பிட்டாள்.

சிரிப்பு எப்போது நின்றது என்று யாருக்கும் தெரியாது.

"உமக்கு இப்படிக் கற்பித்தவர் யார்?"

பெண்கள் பக்கத்தில் ஒருத்தி எழுந்து நின்றாள். யேசுவடியாள். இவளுக்குப் பக்கத்து வீட்டுக்காரி. நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"ஏட்டீ, நான் ஒருநாளும் கவனிக்கலியே!"

எப்படிக் கவனிப்பாள்?

பதநீர் காய்ச்சுகிற ஓலை விடிலி ஒன்று. அடுப்பு ஒன்று. இரண்டு வீட்டுக்கும் சேர்த்து அச்சடித்த கைப்பிரதி ஒன்று. அடுப்புக்கு இந்தப் பக்கம் யேசுவடியாள், மடியில் கைப்பிரதியை வைத்து, விரல் வைத்து உரக்க வாசிப்பாள். அந்தப் பக்கம் இவள், துடுப்பால் கிண்டிக்கொண்டே எட்டிப் பார்ப்பாள். சுற்றி வந்து பக்கத்தில் உட்காரலாம்தான். துடுப்பை ஒரு நிமிடம் விட்டால் பாகு அடிப்பிடிக்கும். அன்றைய பாடு அத்தனையும் போச்சு.

அதனால் அவள் கண்ட எழுத்தெல்லாம் அடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து கண்ட எழுத்து. கண்டதைக் கண்டபடியே சாம்பலில் குச்சியால் எழுதிப் பழகினாள்.

பிஷப் ஐயா குனிந்து வேதாகமத்தைப் பார்த்தார்.

அவருக்கு அது நேராக இருந்தது. அவள் வாசித்த நேரமெல்லாம் அவரும் கூடவே வாசித்துக்கொண்டிருந்திருக்கிறார். இப்போதுதான் உறைத்தது.

தன் கைப்பிரதியைப் பக்கத்தில் இழுத்தார். தலைகீழாகத் திருப்பினார். முதல் வரியில் விரலை வைத்தார்.

உதடு அசைந்தது.

நின்றது.

மறுபடி அசைந்தது. அவரே எழுதிய வரி. இரண்டாவது வார்த்தையைத் தாண்டவில்லை. காது சிவந்துவிட்டது மனுஷருக்கு.

அவளுக்குப் பாவமாக இருந்தது.

"பழகிட்டா வந்துரும்யா" என்றாள்.



பிஷப் ஐயா கைப்பிரதியை மூடினார். அதை எடுத்து அங்கியின் பைக்குள் வைத்துக்கொண்டார். பதிவேட்டைத் திறந்தார்.

உபதேசியார் கையை நீட்டினார். வந்தவர்களுக்கெல்லாம் அவர்தான் பதிவேட்டை அவர்கள் பக்கமாகத் திருப்பிக் கொடுத்தார். பதினாறு தடவை திருப்பியிருந்தார்.

பிஷப் ஐயா பதிவேட்டின்மேல் உள்ளங்கையை வைத்தார்.

"திருப்ப வேண்டாம்."

அவள் பேனாவை வாங்கினாள். சாம்பலைவிட மை வழுக்கியது. வலப்பக்கத்திலிருந்து தொடங்கி, அவசரப்படாமல், தன் கணக்கில் தப்பில்லாமல் எழுதி முடித்தாள்.

உபதேசியார் பிஷப் ஐயாவின் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். பதினாறு பெயர்களுக்குக் கீழே பதினேழாவதும் நேராக நின்றது.

கை வைப்பதற்கு முன்னால் பெயரைச் சபைக்குச் சொல்ல வேண்டியது அவர் வேலை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஞானப்பூ" என்று உரக்க வாசித்தார்.

அவர் கோடு இழுத்த பெயர்தான்.