பர்டியைப் போல ஒருவர்

“நூற்றைம்பது ஆண்டுகளாக இந்த மெரிடித் கவுண்டியில் நீதி ஒரு கணமும் கண்ணயர்ந்ததில்லை!”

கண்ணாடி முன் நின்று கையை உயர்த்தி முழங்கினார் வெண்டல் கிரெய்க், அமெரிக்காவில் மாவட்டம் போன்ற அந்தக் கவுண்டியின் அரசு வக்கீல்.

“அந்த வரி வேணாம் வெண்டல். தூக்கம்னு ஆரம்பிச்சாலே சிரிப்பாங்க” என்றாள் லெனோர்.

சிரிக்கத்தான் செய்வார்கள். போன மாதம் ஒரு டிராக்டர் திருட்டு வழக்கில், சாட்சி பேசிக்கொண்டிருந்தபோதே கிரெய்க் தூங்கிவிட்டார். வெறும் தூக்கம் என்றால் சமாளித்திருக்கலாம். குறட்டை. ஜூரிகள் அத்தனை பேரும் கேட்டார்கள். மறுநாள் கவுண்டியே கேட்டது. அங்கே அரசு வக்கீல் பதவிக்கும் ஓட்டுதான்; தேர்தல் வருகிற செவ்வாய்க்கிழமை. எதிர்த்து நிற்கும் ரமோனா வேகா தன் விளம்பரப் பலகைகளில் ஒரே ஒரு வரிதான் எழுதியிருந்தாள்: ‘நான் விழித்திருப்பேன்.’

இந்தத் தடவை தோற்றால் கிரெய்க்குக்கு வேறு பிழைப்பு இல்லை. தூங்குகிற வக்கீலை யார் வைத்துக்கொள்வார்கள்? தன்னைப் பற்றிய பேச்சை மாற்றத்தான், தன் அலுவலகத்தின் வரலாற்றைத் தோண்டச் சொல்லி, பள்ளித் தோழியும் நூலகருமான லெனோரைப் பிடித்தார்.

வரலாறு அப்படியொன்றும் மணக்கவில்லை. ஒரு வக்கீல் லஞ்சத்தில் மாட்டினார். ஒருவர் நீதிபதியின் மனைவியோடு ஓடிப்போனார். இன்னொருவர் சொந்த மாமியார் மேலேயே மூன்று முறை வழக்குப் போட்டு மூன்றிலும் தோற்றார்.

“உருப்படியா இருந்தவர் ஆல்வின் பர்டி ஒருத்தர்தான், நாலு வருஷத்துல அவர் மேல ஒரு புகார்கூட இல்லைன்னு நீதானே போன்ல சொன்ன?” என்றார் கிரெய்க்.

“சொன்னேன். சொல்லி முடிக்கறதுக்குள்ள நீ போனை வெச்சுட்ட.”

“எனக்கு அது போதும்! வண்டில ஏறு.”

“வெண்டல், மீதியையும் கேட்டுட்டு...”

“மேடையில கேட்டுக்கறேன்.”

தீயணைப்பு நிலையத்தில் பான்கேக் விருந்து; இனிப்புத் தோசை மாதிரி, மேலே பாகு ஊற்றித் தருவார்கள். தேர்தலுக்கு முந்தைய சனிக்கிழமை, வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு வேட்பாளர்களை உள்ளே நிறுத்துவது வழக்கம். கிரெய்க் மேடை ஏறியதும் பின்வரிசையிலிருந்து யாரோ குறட்டை விட்டார்கள். கூடம் குலுங்கியது.

அவர் அசரவில்லை.

“ஆல்வின் பர்டி! முப்பதுகள்ல, புழுதிப் புயல் அடிச்ச காலத்துல நம்ம அரசு வக்கீல். நாலு வருஷம்! ஒரு காசு லஞ்சம் வாங்கியிருப்பாரா?”

“இல்ல!” என்றன இரண்டு குரல்கள், வாயில் பான்கேக்குடன்.

“ஒரு நிரபராதியை உள்ள தள்ளினாரா?”

“இல்ல!” இப்போது பாதிக் கூடம்.

“யார்கிட்டயாவது குரலை உயர்த்தினாரா? ஒருநாள் லீவு கேட்டாரா? எந்த மேடையிலயாவது ஏறித் தன்னைப் பத்திப் பீத்திக்கிட்டாரா?”

“நீங்க அதையாவது கத்துக்கலாமே!” என்றாள் ரமோனா. யாரும் சிரிக்கவில்லை. சோளக்காட்டு ஓட்டிஸ் கிழவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

காற்று தன் பக்கம் திரும்பிவிட்டது என்று கிரெய்க்குக்குத் தெரிந்துவிட்டது. மேடையோரம் நின்ற லெனோர் அவர் கோட்டைப் பிடித்து இழுத்தாள். “போதும், இறங்கு.” அவர் உதறினார்.

“வேகா அம்மா, நேராவே கேக்கறேன். உங்களால பர்டி மாதிரி இருக்க முடியுமா?”

ரமோனா யோசித்தாள். “நிஜத்தைச் சொன்னா, முடியாதுங்க. அவ்வளவு அமைதி எனக்கு வராது.”

“என்னால முடியும்!” கிரெய்க், ஜெபத்துக்காகப் பாதிரியார் கொண்டுவந்திருந்த பைபிளின் மேல் வலது கையை வைத்தார். “சத்தியம்! நீங்க என்னை ஜெயிக்க வெச்சா, பர்டி எப்படி இருந்தாரோ அச்சு அசலா அப்படியே நாலு வருஷமும் இருப்பேன்!”

எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். ரமோனா தன் கைப்பையைத் தேட ஆரம்பித்தாள்.

“மீதியை லெனோர் சொல்லுவா!” கிரெய்க் ஒலிவாங்கியை இடது கையால் நீட்டினார்.

“வேணாம் வெண்டல்.”

“கூச்சப்படாதே. அப்பேர்ப்பட்ட மனுஷன் எப்படி ஜெயிச்சார்னு ஜனங்க தெரிஞ்சுக்கட்டும்.”

லெனோர் தொண்டையைச் செருமினாள். “வாக்குச்சீட்டு முன்னாடியே அச்சடிச்சாச்சு. நம்ம ஊர்ல எல்லாரும் கட்சியைப் பாத்துத்தானே ஓட்டுப் போடுவோம்? அதனால ஜெயிச்சுட்டார். இன்னொரு தேர்தல் வைக்க யாருக்கும் மனசு வரல. நாலு வருஷமும் நாற்காலியை அப்படியே விட்டுட்டாங்க.”

“எதுக்கு இன்னொரு தேர்தல்?” என்றார் ஓட்டிஸ்.

“பர்டி அந்தத் தேர்தலுக்கு முந்தின வாரமே செத்துட்டார்.”

முள்கரண்டிகள் நின்றன. தொப்பி ஓட்டிஸின் கையிலிருந்து நழுவிப் பாகில் விழுந்தது.

கிரெய்க்கின் வலது கை இன்னும் பைபிள் மேல்தான் இருந்தது.