திருப்பி வைத்த அட்டை

சொர்ணத்தின் கட்டில் தலைமாட்டில் ‘தொற்று’ என்று எழுதிய சிவப்பு அட்டை தொங்கியது. தினமும் அவள் அதைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைப்பாள். நர்ஸ் பிலோமினா வந்ததும் அதை நேராக்கிவிட்டுப் புண்ணைக் கழுவுவாள். முழங்காலுக்குக் கீழே ஊதா விளிம்போடு இருந்த அந்தப் புண், இரண்டு முறை வெட்டிச் சுத்தம் செய்தும் பெரிதாகவே ஆனது. சீழைச் சோதித்த மூன்று அறிக்கைகளிலும் கிருமி வளரவில்லை என்றே இருந்தது. ஆனாலும் இன்று முழங்காலோடு காலையே எடுத்துவிடுவதாக முடிவாகியிருந்தது.

தள்ளுவண்டி வந்தபோது சொர்ணம் ஏற மறுத்தாள்.

“கிருமி பரவுதும்மா. உசுரு முக்கியமில்லையா?” என்றார் அறுவை மருத்துவர்.

“வெட்ட வெட்டத்தான் சார் வளருது.” அவள் கையை நீட்டினாள். முந்தாநாள் ரத்தம் எடுத்த இடத்தில் அதே ஊதா விளிம்போடு ஒரு கொப்புளம். “இது கிருமி வந்து குத்தினதா? உங்க ஊசி குத்தினது.”

“எல்லாம் தெரிஞ்ச மாதிரி பேசாதம்மா.”

“என் தோலு எனக்குத் தெரியும் சார்.”

வண்டியைத் தள்ளி வந்த பிலோமினா பிடியை விட்டாள். கையுறையைக் கழற்றிவிட்டுச் சொர்ணத்தின் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் சேர்ந்த பதினோரு நாளில் அந்தப் பாதத்தை யாரும் வெறுங்கையால் தொட்டதில்லை.

“தோல் டாக்டர் ஒரு தடவை பார்க்கட்டும் சார். அதுவரைக்கும் இவங்கள நான் நகர்த்த மாட்டேன்.”

ஏதோ சொல்ல வாயெடுத்த மருத்துவர், கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தக் கொப்புளத்தின் மேல் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. சுவரைப் பார்த்திருந்த அட்டையை அன்று யாரும் நேராக்கவில்லை.