பாலன் பத்திரமோ

அம்மா இறந்தபின் அவரின் கிறிஸ்மஸ் குடிலையும் மாடுகளையும் மூன்று ராசாக்களையும் அண்ணா எடுத்துக்கொண்டார். குழந்தை இயேசு மட்டும் என்னிடம் தங்கிவிட்டார். அந்தப் பாலன் இல்லாவிட்டால் நத்தாருக்கு மொன்றியலில் அண்ணா வீட்டுக்கு வரச்சொல்லி எங்களை யார் கேட்கப்போகிறார்கள்?

இந்த முறை பாதி வழியில் கார் பனியில் வழுக்கிப் பள்ளத்தில் இறங்கியது. என் கணவர் எட்வினின் நெற்றி ஸ்டியரிங்கில் அடிபட்டு இரத்தம் வழிந்தது. அண்ணாவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.

“பாலன் உடையேல்லைத்தானே?” என்றார்.

“இல்லை.”

“அப்ப கெதியா வாங்கோ. குடில் வெறுமையாக் கிடக்கு. வந்த சனமெல்லாம் கேக்குது.”

மடியிலிருந்த பாலனைச் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தேன். அது அம்மாவின் கூறைச்சேலைத் துண்டு. அதை எட்வினின் நெற்றியில் இறுக்கிக் கட்டினேன்.

“எத்தனை மணிக்கு வருவியள்?” அண்ணா விடவில்லை.

“ஆளிட்டையே கேளுங்கோ.”

வெறும் மேனியாய்க் கிடந்த பாலனை இருக்கையில் கிடத்தி, காதருகே போனை வைத்தேன். பனிக்குள் இறங்கிச் சுற்றிப்போய், எட்வின் பக்கத்துக் கதவைத் திறந்து அவரைத் தாங்கிப் பிடித்தேன். உள்ளே அண்ணா, “ஹலோ, ஹலோ” என்று பாலனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.