திரையின் கடைசி வரி

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. சின்னக் கதைதான்.

காலையில் மேலாளர் கம்ப்யூட்டரில் கட்டளை தட்டும் டெர்மினலைத் திறந்தார். நீளமாக ஏதாவது படிக்கக் கேட்டால் அந்தக் கறுப்புத் திரை ஒரு பக்கத்தைக் காட்டிவிட்டு நிற்கும். அடியில் வெறும் இரண்டு புள்ளிதான் இருக்கும். இன்றைக்கு அங்கே ஒரு வரி சட்டமாக உட்கார்ந்திருந்தது.

“அடுத்த பக்கத்துக்கு ஸ்பேஸ். வெளியே போக க்யூ எழுத்து. இப்படிக்கு, மறதிக்காரி.”

ஆபீஸில் எல்லார் திரையிலும் அதே வரி.

“யார் பார்த்த வேலை இது?”

மூலை மேஜையிலிருந்து அரட்டை எழுந்தாள். வாய் ஓயாததற்கு ஆபீஸே வைத்த பெயர். எல்லாரும் பாஸ்வேர்டு போட்டு நுழையும் பொதுக் கம்ப்யூட்டரான சர்வரைப் பார்த்துக்கொள்வது அவள்தான். அதில் யார் எத்தனை தடவை வந்து போகிறார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

“நான்தான் சார். எப்படி வெளியே வர்றதுன்னு அடிக்கடி மறந்துடுது. அதான் எழுதி வெச்சுக்கிட்டேன்.”

“க்யூ தெரியாதவங்க இந்த ஆபீஸ்ல யாரும்மா இருக்காங்க? வெளியில தெரிஞ்சா மானம் போயிடும்!”

எல்லாரும் சிரித்தார்கள். புதிதாகச் சேர்ந்த அக்காவும் சிரித்தார், கொஞ்சம் கூடுதல் சத்தமாகவே.

பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிவிட்டு, பல வருஷம் கழித்து வேலைக்குத் திரும்பியவர் அந்த அக்கா. ஆள் தங்கம், வேலைதான் நத்தை. இன்று சாயங்காலம் அவரை அனுப்பிவிடுவது என்று மேலாளர் முடிவு கட்டியிருந்தார். எந்த வாயால் சொல்வது என்றுதான் காலையிலிருந்து நெஞ்சை அரித்தது. அந்த எரிச்சலும் சேர்ந்து அரட்டை தலையில் விடிந்தது.

“சாயங்காலத்துக்குள்ள அதை எடுத்துடு.”

“சரி சார்.”

அவ்வளவுதான். அவள் இரண்டே வார்த்தையில் அடங்கியது உலக அதிசயம்.

சாயங்காலம் அக்காவே வந்து நின்றார். “சார், அந்தத் திரையில பார்க்கச் சொன்ன பதிவு அத்தனையும் பார்த்தாச்சு. வேற இருந்தா கொடுங்க.”

மேலாளர் துருவித் துருவிப் பார்த்தார். ஒரு குறை இல்லை.

“எப்படிம்மா? நேத்து வரைக்கும்…”

அக்கா குரலைத் தாழ்த்தினார். “நான் முன்னாடி வேலை பார்த்த காலத்துல கடைசிப் பக்கம் முடிஞ்சா அதுவே வெளியே விட்டுடும் சார். இப்ப இது விடவே மாட்டேங்குது. கேக்க வெட்கம். ஒவ்வொரு தடவையும் மொத்தத்தையும் மூடிட்டு, பாஸ்வேர்டு போட்டு முதல்லேருந்து வருவேன். நல்லவேளை, அந்தப் பொண்ணுக்கும் மறதி! பாவம், நான் வேற சேர்ந்து சிரிச்சுட்டேன்.”

மேலாளர் மூலை மேஜையைத் திரும்பிப் பார்த்தார். அரட்டை பக்கத்து ஆளிடம் கதை அளந்துகொண்டே, கீபோர்டைக் குனிந்தும் பாராமல் படபடவென்று தட்டிக்கொண்டிருந்தாள்.

மறதியாம், மறதி!

“நாளைக்கு வேற வேலை எடுத்து வைக்கிறேன். வாங்கம்மா” என்று அக்காவை அனுப்பிவிட்டு மூலைக்கு நடந்தார்.

“அந்த வரி என்னாச்சு?”

“எடுத்துட்டேன் சார். இப்ப ஞாபகம் வந்துடுச்சு.”

“திரும்பப் போடு.”

“ஏன் சார்?”

“எனக்கும் அப்பப்ப மறந்துடுதும்மா” என்றார், ஆபீஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி.

மறுநாள் காலை எல்லார் திரையிலும் அந்த வரி திரும்ப இருந்தது. முடிவில் மட்டும் அரட்டை சின்னதாக ஒரு திருத்தம் செய்திருந்தாள்.

“இப்படிக்கு, மறதிக்காரி மற்றும் சார்.”