வாடகைக்கு மாடி

சிரிப்பு கடைசியில் வரும், பொறுங்கள். முதலில் என் எரிச்சலைக் கேளுங்கள்.

குற்றாலத்தில் சாரல் விழுந்தாயிற்று. சீசன் கூட்டத்துக்கு நாள் வாடகைக்கு விடணுமாம், தவமலர் அக்காவை அறையைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். அக்கா சின்ன வயதில் இலங்கையிலிருந்து படகேறி வந்தவர். பிள்ளைகளுக்குக் கதை எழுதுகிறவர். இப்போது ஒரு நாவல் பாதியில் நிற்கிறது. வேறு வீடு கிடைக்காவிட்டால் மறுபடியும் அகதி முகாம்தான். அந்த நெரிசலில் நாவலாவது ஒன்றாவது!

தென்காசியில் எங்கள் எதிர்வீட்டு மாடி சும்மாதான் கிடந்தது. கூட்டிப்போனேன்.

குத்தாலிங்கம் அண்ணாச்சி கதவைப் பாதிதான் திறந்தார்.

"அகதிகளுக்கெல்லாம் வீடு கிடையாதும்மா. விசாரணைன்னு போலீசு வருவான். எனக்கெதுக்கு அந்தச் சள்ளை?"

தெருவுக்கே கேட்டது.

"இவங்க கதையைச் சொன்னாத்தானே அண்ணாச்சி, உங்க மக சோறே திங்கா!"

"கதை வேற, வீடு வேறட்டி!"

அக்கா என் கையைப் பிடித்து இழுத்தார். "விடு பிள்ளை. உப்பிடி எத்தினை கதவு பாத்திட்டன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் தொண்டையில் யார் குரலும் வரும். தோழிகளின் போன்களை வாங்கி, ஒவ்வொன்றிலும் ஒரு குரலில் அண்ணாச்சியைக் கூப்பிட்டேன்.

"அண்ணாச்சி, நாங்க எண்ணெய் மசாஜ் பார்ட்டி. பன்னெண்டு பேரு இருக்கோம். மாடி காலியா?"

"இல்ல!"

"சேட்டா, ஞான் செண்டை வாத்தியாராணு. விடியக்காலம் மட்டும்தான் கொட்டும்."

"ஐயய்யோ, போனை வைங்க!"

"மிலிட்டரி ரிட்டயர்டு பேசுறேன். கூட நாலு நாய். கடிக்கும், ஆனா சொன்னா விட்டுடும்."

அந்தப் பக்கம் தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

சாயங்காலம் அண்ணாச்சியே என்னைக் கூப்பிட்டார். கையில் சாவி.

"இந்தா சஃப்ரின். அந்த எழுத்தாளரம்மாவை நாளைக்கே வரச் சொல்லு."

சிரிப்பை அடக்கிக்கொண்டு வாங்கினேன்.

"செண்டை வாத்தியாரு பிரமாதம்ட்டி. நாய்க்காரருக்குத்தான் தொண்டை கட்டிட்டு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அண்ணாச்சி... நான்தான்னு தெரியுமா?"

"மசாஜ் பார்ட்டியிலயே தெரிஞ்சிட்டு."

"தெரிஞ்சுமா சாவி தாரீங்க?"

மனைவி இருந்த அடுக்களைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கு என்னட்டி ஆட்சேபனை? உங்க மதினிதான் வேண்டாம்னு ஒத்த கால்ல நின்னா. இப்ப, 'அந்தக் கதை எழுதுற பிள்ளையே வரட்டும்'னு அவளே சொல்லுதா. பின்னே? ஒரு போன் விடாம ஸ்பீக்கர்ல போட்டேம்லா!"