பெயர் அரித்துப்போன இசைத்தட்டு

முள் தட்டில் இறங்கியதும் பந்தலில் அழுகை அடங்கியது.

தங்கராஜுவுக்கு இது பழகிய அமைதி. பகாவ் ஊரைச் சுற்றியுள்ள ரப்பர் தோட்டங்களில் எவர் இறந்தாலும், பதிகம் ஓதி முடிந்தபின், சவப்பெட்டியைத் தூக்குமுன், இந்தச் சிறிய தட்டைத்தான் கேட்பார்கள்.

இன்று சாவு தோட்டத்தில் அல்ல, சிரம்பான் நகரத்தில், தெமியாங்கில். தோட்டத்தில் பேரேடும் வருகையும் எழுதிய முன்னாள் கிராணி பிரேமநாதன் காலமாகிவிட்டார். அவரிடம் வேலை பார்த்தவர்கள் வேன் பிடித்து வந்தார்கள். வரும் வழியில் தங்கராஜுவையும் அவருடைய பாட்டுப்பெட்டியையும் ஏற்றிக்கொண்டார்கள்.

"நம்ம கிராணி லா. நீ வராட்டி எந்திரிச்சு உனக்கு ஆப்சென்ட் போட்டுருவாரு, மாப்ள" என்று அழைத்திருந்தார் வீரமுத்து, தங்கராஜுவின் மனைவி செல்லத்துக்கு அண்ணன்.

தங்கராஜுவுக்கு, பந்தல் கம்பத்தில் ஏறி ஒலிபெருக்கியைக் கட்டிவிட்டு இறங்கிய முழங்கால் இன்னும் விண்விண் என்று தெறித்தது. பாட்டுப்பெட்டியின் அருகே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

வானொலியின் முள்ளைத் திருப்பித் திருப்பி, செவி அறியாத இசை எது வந்தாலும் அதன் தட்டைத் தேடிப் போகிற பித்து அவருக்கு இளமையிலேயே உண்டு. மலாய் கஸல், சீனக் கூத்து, எந்த நாட்டுடையது என்றே தெரியாத கொம்பிசை, எல்லாம் பெரிய தட்டுகளாகக் கட்டிலுக்கடியில் கிடந்தன. இது ஒன்றுதான் சிறியது. பகாவ் சந்தைக் குவியலில் கிடைத்தபோதே நடுத்தாளைப் பூச்சி அரித்திருந்தது. பெயரில்லை; ஊரில்லை.

தாழ்ந்த குரல்கொண்ட கருவி. சுமையோடு மேடேறுபவரின் மூச்சைப்போல நின்று நின்று நகர்ந்தது. அது என்ன கருவி என்று எவராலும் சொல்ல முடியவில்லை. கோயில் ஓதுவார் மட்டும் நெடுநேரம் கண்மூடியிருந்துவிட்டு, "பழையவர்கள் இரங்கலுக்கு வைத்த விளரிப்பண் இப்படித்தான் இருந்திருக்கும்" என்றார். அதன்பின் ஆண்டுக்கணக்கில் வானொலியில் தேடியும் அந்த ஓசை மறுபடி வரவேயில்லை.

மனைவி செல்லத்தின் சவப்பெட்டியைத் தூக்கிய அன்று, கண்ணீர் வராமல் கல்லாய் நின்றவர், இந்தத் தட்டைப் போட்ட பிறகுதான் அழுதார். அதைக் கேட்ட தோட்டத்தார் தங்கள் வீட்டுச் சாவுகளுக்கும் கேட்கத் தொடங்கினார்கள்.

"ஆர் இதைப் போட்டது?"

இறந்தவரின் மகள் இந்துஜா வாசலுக்கு வந்து நின்றாள்.

"நான்தாங்கம்மா."

"ஐயா, இது ஊஞ்சல் பாட்டு. கலியாண வீட்டில போடுறது. சின்னத் தட்டை இவ்வளவு ஸ்லோவா விட்டால் இப்பிடித்தான் கேக்கும்."

குனிந்து, பாட்டுப்பெட்டியின் ஓரத்திலிருந்த வேகக்கோலைத் தள்ளினாள். பெரிய தட்டுகளுக்கென்று வைத்த இடத்திலிருந்து தங்கராஜு என்றுமே நகர்த்தியிராத கோல் அது.

இசை துள்ளி எழுந்தது.

வயலின். ஐயத்துக்கே இடமில்லை. இளங்கை ஒன்று வில்லை வீசி வீசி விளையாடியது. சவப்பெட்டிக்கருகே இருந்த குழந்தை ஒன்று கைதட்டியது. தாய் அதன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வீரமுத்து அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சிக்கும் இதத்தான மாப்ள போட்டோம்."

தங்கராஜுவால் நிமிர முடியவில்லை. மண்ணுக்குப் போனவர்களையெல்லாம் மணப்பாட்டுப் போட்டு அனுப்பியிருக்கிறார். செல்லத்தையும். முள்ளை எடுக்கக் கையை நீட்டினார்.

"எடுக்காதேங்கோ."

காலையிலிருந்து கணவர் பிரேமநாதனின் தலைமாட்டில் இருந்த குமுதினி, நிலைக்கதவைப் பிடித்தபடி நின்றார்.

"அம்மா, நீங்கள் வாசிச்சதுதானே இது" என்றாள் இந்துஜா. "இண்டைக்குப் போய் இதை..."

குமுதினி தங்கராஜுவின் பக்கம் திரும்பினார்.

"முதல்ல இருந்து போடுங்கோ, ஐயா. முந்தி ஓடின மாதிரி."

தங்கராஜு முள்ளைத் தட்டின் விளிம்புக்குக் கொண்டுபோய் வைத்து, கோலைப் பின்னுக்குத் தள்ளினார். அந்தத் தாழ்ந்த ஓசை மீண்டும் நடக்கத் தொடங்கியது.

குமுதினி படியில் அமர்ந்தார். இடக்கை விரல்கள் வலக்கையின் மணிக்கட்டில் ஒவ்வொன்றாக ஊன்றி எழுந்தன. இசைக்கு முந்தாமல், பிந்தாமல்.

"என்ர அம்மா செத்த மாசம் நான் கட்டின மெட்டு இது" என்றார். "இந்த நடையிலதான் கட்டினேன். ரேடியோக்காரர், தட்டில இடம் காணாது, ஓட்டமா வாசி பிள்ளை எண்டார்கள். வாசிச்சேன். பிறகு ஊர் முழுக்கக் கலியாணத்துக்குப் போட்டார்கள். என்ர கலியாணத்துக்கும்."

பாட்டுப்பெட்டியின் பக்கம் குனிந்தார்.

"நீங்கள் இதை ஆருக்கெல்லாம் போட்டனீங்கள்?"

தங்கராஜு விரல் மடக்கி எண்ணத் தொடங்கினார்.

"மொதல்ல எங்க செல்லத்துக்கும்மா. என் சம்சாரம். அப்புறம் மேல் லயத்து வீட்டு மங்கம்மாவுக்கு. அப்புறம் அவ மகனுக்கு..."

அவர் சொல்லிக்கொண்டே போனார். குமுதினி ஒவ்வொரு பெயருக்கும் தலையசைத்தார். சவப்பெட்டியைத் தூக்க வந்தவர்கள் தூக்காமல் நின்றார்கள்.