கொதிநீர் உயிர்கள்

"கொதிக்கிற தண்ணியில உசுரு இருக்குமாம்மா? அருளு சொன்னப்ப நான் நம்பல. நீயாவது சொல்லு."

பெரியவர் மாது கேட்டதும் கலைமதி நிமிர்ந்தாள். அவர் மகன் அருள்குமாரோடு ஒரே ஆராய்ச்சிக் கப்பலில் வேலை பார்ப்பவள். பாப்பிரெட்டிப்பட்டிக்கு வருவது இதுதான் முதல் தடவை.

"இருக்குதுங்கப்பா. ஆழ்கடல்ல தரை வெடிச்சு வெந்நீர் பீறிட்டு வரும். அங்கதான் அந்த நுண்ணுயிருங்க வாழுது. கண்ணுக்குத் தெரியாது. அந்தத் தண்ணி பட்டா நம்ம கை வெந்துரும். அதுங்களுக்கு அந்தச் சூடு இருந்தாத்தான் சுகம்."

"வெயிலே படாதே, எதைத் தின்னும்?"

"தண்ணியில கலந்து வர்ற ரசாயனந்தாங்க சாப்பாடு."

போனில் படம் காட்டினாள். இருட்டுக்குள் ஒரு பாறை, அதன் உச்சியில் கரும்புகையாய் வெந்நீர்.

"அட, செங்கல் சூளை மாதிரியில்ல இருக்குது!"

"கேமராவைக் கீழ எறக்குனது அருள்தாங்க."

மாதுவின் விரல் பட்டு அடுத்த படம் வந்தது: கப்பல் விளிம்பில் கூடி நின்றவர்கள், ஒருவர் கையில் மாலை. கலைமதி அவசரமாகப் போனை வாங்கிக்கொண்டாள்.

மாதுவின் மனைவி கோவிந்தம்மாள் வேகவைத்த கடலையைக் கொண்டுவந்து வைத்தாள். "நெஞ்சுல ஆபரேசன் பண்ணி வூட்டுக்கு வந்ததுலருந்து இதே பேச்சுதான் இவருக்கு" என்று சிரித்தாள். கலைமதி அவள் முகத்தைப் பார்க்காமல் கடலையை உரித்தாள்.

"மேல எடுத்தாந்தா செத்துருமா?"

"சாவாதுங்க. குளிர்ல வளராம அப்படியே கெடக்கும். மறுபடி சூடு காட்டுனா பெருகும்."

மாது ஒரு கடலையை எடுத்து உரிக்காமலே திரும்ப வைத்தார். பிறகு, "போனே பண்ண மாட்டேங்கறான்" என்றார்.

"நடுக்கடல்ல டவர் கெடைக்காதுங்கப்பா. அடுத்த மாசம் கரைக்கு வந்துருவாரு." தண்ணீரை எடுத்துக் குடித்தாள்.

அரூர் பஸ்ஸுக்கு நேரமானது. வெயிலில் போக வேண்டாமென்று கோவிந்தம்மாள் தடுத்தும் கேட்காமல், மாது நிறுத்தம் வரை கூடவே நடந்தார். வீடு கண்ணுக்கு மறைந்ததும் நின்றார்.

"அவன் என்னைக்குக் கடல்ல விழுந்தான்னு மட்டும் சொல்லிட்டுப் போ சாமி, திதி குடுக்கணும். எனக்குத் தெரியும்னு அவகிட்ட சொல்லிடாத... என் நெஞ்சைக் காப்பாத்தறோங்கற நெனப்புலதான் அவ இன்னும் உடையாம நடமாடிட்டு இருக்கா."